இங்கிலாந்து வானத்தில் "சென்னை மாகாணம்"!

1940-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி. பிரான்சு நாட்டுக் கடற்கரையில் உள்ள டன்கர்க் என்ற ஊர்.

கடற்கரை முழுவதும் மனிதத் தலைகள். ஹிட்லரின் படையிடம் தோற்றுப் பின்வாங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்கள், ஊர் திரும்பக் கப்பலை எதிர்பார்த்து நிற்கிறார்கள். தலைக்கு மேலே ஜெர்மன் விமானங்கள் வட்டமிட்டுக் குண்டு போடுகின்றன. ஓடி ஒளிய ஒரு மரம் கூட இல்லை. வெறும் மணல்!

அந்த நேரத்தில் கடலுக்கு அப்பால் இருந்து ஒரு விமானக் கூட்டம் வந்தது. ஜெர்மன் விமானிகள் அதைப் பார்த்தார்கள். "ஹரிக்கேன் விமானம்தானே! அதற்கு முன்பக்கம்தான் துப்பாக்கி. பின்னால் போய்ச் சுட்டால் தீர்ந்தது" என்று எண்ணினார்கள். நெருங்கினார்கள்.

பின்பக்கத்தில் இருந்தே குண்டு மழை பொழிந்தது!

வந்தவை ஹரிக்கேன்கள் அல்ல. பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் டிபையன்ட் என்ற புது விமானங்கள். அவற்றில் விமானியின் முதுகுக்குப் பின்னால், சுழலும் கண்ணாடிக் கூண்டுக்குள் இன்னொரு வீரர் உட்கார்ந்து இருப்பார். அவர் கையில் 4 எந்திரத் துப்பாக்கிகள். ஏமாந்து கிட்டே வந்த ஜெர்மன் விமானங்கள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுந்தன.

அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக அந்தப் படைப்பிரிவு கணக்குக் கொடுத்தது. (யுத்தம் முடிந்த பிறகு ஜெர்மன் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், இது மிகைக் கணக்கு என்று கண்டுபிடித்தார்கள். ஒரு விமானத்தை 4 பேர் சுட்டால் 4 பேரும் தங்கள் பெயரில் எழுதிக்கொள்வது வானச் சண்டையில் சகஜம்.)

அந்தப் படைப்பிரிவின் எண் 264. பிற்பாடு அந்த எண்ணோடு ஒரு பெயரும் சேர்த்து வைத்தார்கள். என்ன பெயர் தெரியுமா?

"சென்னை மாகாணம்"!

ஆம். 264-ம் எண் "சென்னை மாகாணம்" படைப்பிரிவு. இது ஒன்று மட்டும் அல்ல. 79-ம் எண் படைப்பிரிவுக்கும் அதே பெயர். 234-ம் எண் படைப்பிரிவுக்கும் அதே பெயர். ஆகப் பிரிட்டிஷ் விமானப் படையில் 3 பிரிவுகள் நம் மாகாணத்தின் பெயரைச் சுமந்து பறந்தன.

அவற்றில் பறந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். காத்தது இங்கிலாந்தை. பிறகு எதற்கு நம் பெயர்?

பணம் கொடுத்தது நாம்!

கரிச்சான் செய்யும் வேலை

அந்தக் கதைக்குப் போகும் முன், சண்டை விமானம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆகாயத்தில் பறந்து சண்டை போடும் விமானம் எல்லாம் சண்டை விமானம் ஆகிவிடாது.

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்துச் சாலைகளில் பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்த்து இருப்பீர்கள். குண்டு வீச்சு விமானம் அப்படிப்பட்டது. அது ஒரு சுமை வண்டி. குண்டு மூட்டையை எதிரியின் ஊர் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு வரவேண்டும். வேகம் குறைவு. சட்டென்று திரும்ப முடியாது.

சண்டை விமானத்துக்கு உவமை, நம் வயல்வெளியிலேயே இருக்கிறது. கரிச்சான் குருவி! இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். உருவத்தில் சிறியது. ஆனால் தன் கூட்டுப் பக்கம் காக்கையோ பருந்தோ வந்துவிட்டால் விடாது. உயரே எழும்பும். மேலே இருந்து பாயும். முதுகில் கொத்தும். பருந்து எல்லையைத் தாண்டும் வரை துரத்திவிட்டுத் திரும்பி வந்து கம்பத்தில் உட்காரும்.

சண்டை விமானத்தின் வேலையும் அதுதான். தன் ஊர் வானத்தில் எதிரி விமானத்தை நுழையவிடாமல் அடித்து விரட்டுவது. வெகு தூரம் போகத் தேவை இல்லை. வேகமாக எழும்ப வேண்டும். சட்டென்று திரும்ப வேண்டும். சரியாகச் சுட வேண்டும்.

இந்த விமானம் பிறந்தது முதல் உலக யுத்தத்தில். 1914-ல் யுத்தம் தொடங்கியபோது, விமானம் வேவு பார்க்க மட்டுமே போயிற்று. எதிரிப் படை எங்கே நிற்கிறது என்று மேலே இருந்து பார்த்து வந்து சொல்லும். அந்த வேவுகாரனை எப்படித் தடுப்பது? முதலில் விமானிகள் கைத்துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் சுட்டுப் பார்த்தார்கள். குறி தப்பியது. பிறகு விமானத்திலேயே எந்திரத் துப்பாக்கியைப் பொருத்தினார்கள். ஆனால் முன்னால் விசிறி சுழல்கிறதே! சுட்டால் சொந்த விசிறியே உடையுமே! விசிறியின் அலகு நடுவில் இல்லாத கணத்தில் மட்டும் குண்டு பாயும்படி ஒரு விசையை அமைத்தார்கள். அதில் இருந்துதான் உண்மையான சண்டை விமானம் தொடங்குகிறது. பிரிட்டன் செய்தவற்றில் சோப்வித் கேமல், எஸ்.இ.5 என்ற இரண்டும் பெயர் பெற்றவை.

அந்த எஸ்.இ.5 ரக விமானத்தில் ஒரு இந்திய வாலிபரும் பறந்தார் என்றால் வியப்பாக இருக்கும். கல்கத்தாவில் பிறந்தவர். பெயர் இந்திரலால் ராய். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வெற்றிகள் அவர் பெயரில் எழுதப்பட்டன. அதே ஜூலை 22-ந் தேதி அவரே சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 19.

15 விநாடிக் குண்டு

அடுத்த யுத்தம் வருவதற்கு முன் பிரிட்டன் இரண்டு புகழ்பெற்ற சண்டை விமானங்களைத் தயாரித்தது. ஒன்று ஹரிக்கேன். 1935 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. வடிவமைத்தவர் சிட்னி காம். இன்னொன்று ஸ்பிட்பயர். 1936 மார்ச் 5-ந் தேதி முதலில் பறந்தது. வடிவமைத்தவர் ஆர்.ஜே.மிட்செல். மறு ஆண்டே அவர் நோயால் இறந்துவிட்டார். தன் விமானம் யுத்தத்தில் என்ன செய்தது என்பதை அவர் பார்க்கவே இல்லை.

இரண்டுக்கும் உயிர் கொடுத்தது மெர்லின் என்ற ஒரே ரக என்ஜின். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. 12 சிலிண்டர்கள். ஆயிரம் குதிரைச் சக்திக்கும் மேல்!

ஹரிக்கேன் விமானத்தின் பின்பாதி துணியால் ஆனது. சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, மேலே பூச்சுப் பூசி இருப்பார்கள். குண்டு துளைத்தால் துணியை ஒட்டுப்போட்டு மறுநாளே பறக்க விடலாம். ஸ்பிட்பயரின் உடல் முழுவதும் அலுமினியக் கலவைத் தகடு. வேகம் அதிகம். ஆனால் செய்வதும் கடினம், செப்பனிடுவதும் கடினம்.

இரண்டிலும் இறக்கைக்குள் 8 எந்திரத் துப்பாக்கிகள். ஒரு பொத்தானை அழுத்தினால் எட்டும் ஒன்றாகச் சுடும். எவ்வளவு நேரம் சுடலாம்? ஏறக்குறைய 15 விநாடிதான்! "ஒன்று, இரண்டு" என்று 15 வரை எண்ணுங்கள். அதற்குள் குண்டு தீர்ந்துபோகும். பிறகு தரைக்கு இறங்கி மறுபடியும் நிரப்பிக்கொண்டு எழும்ப வேண்டும். ஆகையால் விமானி அருகில் போகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்து, இரண்டு விநாடி மூன்று விநாடி என்று சிக்கனமாகச் சுடுவார்.

பெட்ரோலும் அப்படித்தான். வானத்தில் சும்மா காவல் சுற்றிக்கொண்டு இருந்தால் எதிரி வரும்போது தொட்டி காலியாக இருக்கும். எதிரி வருவது முன்கூட்டியே தெரிந்தால்தான் சண்டை விமானத்தால் பயன். அதற்காகப் பிரிட்டன் கடற்கரை ஓரம் முழுவதும் ராடார் கோபுரங்களை நிறுத்தியது. கோபுரம் செய்தி சொல்லும். கட்டுப்பாட்டு அறையில் பெண்கள் பெரிய மேசை மேல் இருக்கும் வரைபடத்தில் எதிரி வரும் வழியைக் குச்சியால் நகர்த்திக் காட்டுவார்கள். உடனே மணி அடிக்கும். விமானிகள் ஓடுவார்கள். 1940 கோடையில் ஜெர்மனி பிரிட்டனை வானில் இருந்து அடித்தபோது, பிரிட்டன் பிழைத்ததற்கு விமானம் பாதிக் காரணம் என்றால், இந்த ஏற்பாடு மீதிக் காரணம்.

"ஒரு விமானம் 5 ஆயிரம் பவுன்!"

அந்தக் கோடையில்தான் பிரிட்டன் விமானத்துக்குக் கை ஏந்தியது. விமான உற்பத்தி மந்திரி பீவர்புரூக் பிரபு, வீட்டு அலுமினியப் பாத்திரங்களை எல்லாம் கொடுக்கும்படி பெண்களைக் கேட்டார். சட்டியும் கெண்டியும் தெருவில் மலை மலையாகக் குவிந்தன. (அவற்றில் எவ்வளவு உண்மையில் விமானம் ஆயிற்று என்பது சந்தேகம். தாங்களும் யுத்தத்தில் பங்கு கொண்டோம் என்ற திருப்தி மட்டும் அந்தப் பெண்களுக்கு நிச்சயம்.)

கூடவே இன்னொரு யோசனை. 5 ஆயிரம் பவுன் கொடுப்பவர் ஒரு ஸ்பிட்பயர் கொடுத்ததாகக் கருதப்படுவார். அவர் சொல்லும் பெயரை விமானத்தில் எழுதுவார்கள். உண்மையில் ஒரு ஸ்பிட்பயருக்கு ஆன செலவு இதைவிட அதிகம். ஆனால் வாங்கியது இந்த விலைக்கு.

அன்றைய கணக்கில் ஒரு பவுன் என்பது 13 ரூபாய் சொச்சம். அப்படியானால் ஒரு விமானம் 66 ஆயிரத்து 600 ரூபாய்க்கு மேல். 16 விமானம் கொண்ட ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றால் பத்தரை லட்சம் ரூபாய்! அது 1940-ம் ஆண்டு ரூபாய் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகள் எல்லாவற்றிலும் உண்டியல் குலுங்கியது. மகாராஜாக்கள் கொடுத்தார்கள். நிஜாம் கொடுத்தார். சென்னை மாகாணத்தில் கவர்னர் ஆர்தர் ஹோப் யுத்த நிதி திரட்டினார். தமிழ் ஜில்லாக்கள், கடற்கரை ஆந்திரம், மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்ததுதான் அன்றைய சென்னை மாகாணம். சேலம் ஜில்லாவும் அதில் ஒன்று. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் எல்லாம் அப்போது சேலம் ஜில்லாவுக்குள்தான் இருந்தன.

மனமுவந்து கொடுத்தவர்கள் உண்டு. ஹிட்லர் ஜெயித்தால் உலகம் என்ன ஆகும் என்று அஞ்சிக் கொடுத்தவர்கள் உண்டு. பட்டமும் பதவியும் கருதிக் கொடுத்தவர்களும் உண்டு. அதிகாரி வந்து கேட்கும்போது "இல்லை" என்று சொல்வது அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு முடியும்?

சேலம் வக்கீலின் மறுப்பு

இந்த இடத்தில் ஒரு சேலத்துக்காரரை நினைத்துக்கொள்ள வேண்டும். சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர். சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். ராஜாஜி!

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டபோது சென்னை மாகாணத்தின் பிரதமர் அவர்தான். (அப்போது முதல்-மந்திரியைப் பிரதமர் என்றே அழைப்பார்கள்.) "இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டது" என்று வைஸ்ராய் அறிவித்தார். இந்தியர் ஒருவரையும் கேட்கவில்லை. சட்டசபைகளையும் கேட்கவில்லை. காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவியை விட்டு வெளியேறின. அக்டோபர் கடைசியில் ராஜாஜி மந்திரிசபையும் ராஜிநாமா செய்தது. அதன் பிறகு மாகாணத்தில் நடந்தது கவர்னர் ஆட்சி.

ஆக, மாகாணத்தின் பெயரால் விமானம் வாங்கியபோது மாகாணத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி இல்லை. "இந்த யுத்தத்துக்கு ஆளும் கொடுக்காதே, பணமும் கொடுக்காதே" என்பதுதான் 1940-ல் காந்திஜி தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தின் சாரம். அதில் கலந்துகொண்டு, அந்த ஆண்டு டிசம்பரில் ராஜாஜி சிறை சென்றார். மாகாணத்தின் மாஜி பிரதமர் சிறையில். மாகாணத்தின் பெயர் இங்கிலாந்து வானத்தில்!

மூன்று பிரிவுகளின் கதை

264-ம் பிரிவின் வெற்றி நீடிக்கவில்லை. டிபையன்ட் விமானத்துக்கு முன்பக்கம் சுடத் துப்பாக்கியே கிடையாது. ஜெர்மானியர் இந்த ரகசியத்தைப் புரிந்துகொண்டார்கள். நேர் எதிரே வந்தார்கள். அடிவயிற்றில் சுட்டார்கள். 1940 ஆகஸ்டு கடைசியில், சில நாட்களுக்குள் பிரிவு சின்னாபின்னம் ஆயிற்று. டன்கர்க்கில் தலைமை தாங்கிய பிலிப் ஹண்டர் 24-ந் தேதி கடல் மேல் எதிரியைத் துரத்திச் சென்றார். திரும்பவில்லை. மாத முடிவில் இந்தப் பிரிவைப் பகல் சண்டையில் இருந்து விலக்கி, இரவுக் காவலுக்கு மாற்றினார்கள்.

234-ம் பிரிவு வைத்திருந்தது ஸ்பிட்பயர். "நெருப்பையும் சாவையும் உமிழ்வோம்" என்பது அதன் முத்திரை வாசகம். தெற்கு இங்கிலாந்தில் கடும் சண்டை போட்டது. அதன் சிறந்த வீரர்களில் ஒருவரான பேட்டர்சன் ஹியூஸ் என்ற ஆஸ்திரேலிய விமானி 1940 செப்டம்பர் 7-ந் தேதி பலியானார்.

79-ம் பிரிவு வைத்திருந்தது ஹரிக்கேன். மூன்றில் இது ஒன்றுதான் பிறகு நம் நாட்டுப் பக்கம் வந்தது. எப்போது வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது.

சென்னை நடுங்கிய நாட்கள்

1942 ஏப்ரல். சிங்கப்பூர் விழுந்துவிட்டது. ரங்கூன் விழுந்துவிட்டது. ஜப்பானின் பெரிய கப்பல் படை வங்கக் கடலுக்குள் புகுந்தது.

ஏப்ரல் 5-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் 100-க்கும் மேல் கொழும்பு மீது பாய்ந்தன. அங்கே ஹரிக்கேன் விமானங்கள் இருந்தன. ஒரு பிரிவு, கொழும்பு குதிரைப் பந்தய மைதானத்தையே ஓடுதளமாக மாற்றி அங்கிருந்து எழும்பியது! ஜப்பானிய விமானங்கள் வேகமானவை, விமானிகள் அனுபவசாலிகள். ஹரிக்கேன்கள் பல விழுந்தன. ஆனாலும் எதிர்ப்பு இருந்தது. 9-ந் தேதி திருகோணமலையிலும் இப்படியே சண்டை நடந்தது.

நடுவே 6-ந் தேதி நம் மாகாணத்திலேயே குண்டு விழுந்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும்!

சென்னை நகரம் கதிகலங்கியது. ஜப்பான்காரன் கரை இறங்கப் போகிறான் என்று செய்தி பரவியது. ரெயில்களில் இடம் இல்லை. மாட்டு வண்டியில் ஏறினார்கள். கால்நடையாகவும் கிளம்பினார்கள். பட்டணத்தை விட்டு உள்நாட்டு ஊர்களைத் தேடி ஜனம் ஓடியது. அரசாங்க அலுவலகங்களும் உள்நாட்டுக்கு மூட்டை கட்டின. மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று பயந்து, சிங்கம், புலி முதலிய கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

சென்னைக்கு மேலே காவல் காக்கப் போதுமான சண்டை விமானம் இல்லை.

"சென்னை மாகாணம்" என்று பெயர் எழுதிய 3 பிரிவுகள் இருந்தனவே! அவை எங்கே? 264-ம் பிரிவு இங்கிலாந்தில். 234-ம் பிரிவு இங்கிலாந்தில். 79-ம் பிரிவு இந்தியாவை நோக்கிப் புறப்பட்டு இருந்தது, வந்து சேரவில்லை.

கூட்டில் பருந்து புகுந்தபோது, தீனி போட்டு வளர்த்த கரிச்சான் வேறு ஒருவர் மரத்தில் இருந்தது.

நல்ல வேளையாக ஜப்பானியர் கரை இறங்கவில்லை. கப்பல் படை திரும்பிப் போய்விட்டது. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சரி. ராஜாஜிக்கோ 1942-ன் இந்தக் கலக்கம் பெரிய திருப்பம் ஆயிற்று. எதிரி வாசலுக்கு வந்துவிட்டான், நம்மவர் ஆட்சி அமைத்து நாட்டைக் காக்க வேண்டும், அதற்காக முஸ்லிம் லீக்குடன் சமரசம் செய்துகொள்ளலாம் என்று வாதாடினார். காங்கிரஸ் ஏற்கவில்லை. அந்த ஆண்டே காங்கிரசை விட்டு விலகினார். பாதுகாப்பு வேண்டாம் என்பவர் அல்ல அவர். கேட்காமல் யுத்தத்தில் இழுத்துவிட்டதைத்தான் முதலில் எதிர்த்தார்.

79-ம் பிரிவு வந்து சேர்ந்ததும் பர்மா முனையில் சண்டை போட்டது. முதலில் ஹரிக்கேன், பிறகு அமெரிக்கத் தண்டர்போல்ட். 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டது.

அதே யுத்த காலத்தில் கோவையில், பிரிட்டிஷ் கடற்படை ஒரு விமானப் பழுது பார்க்கும் நிலையத்தை நடத்தியது. அதற்கு "கருடா" என்று பெயர். பக்கத்தில் சூலூரிலும் ஒரு தளம். சூலூரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கே திரும்பி வரும்.

அவர்கள் ஒதுக்கியது, நாம் எடுத்தது

1947-ல் சுதந்திரம் வந்தபோது நம் விமானப் படையில் இருந்தவை பிரிட்டிஷ் சண்டை விமானங்களே. அந்த ஆண்டு நவம்பரில் காஷ்மீரில் ஊடுருவியவர்களை விரட்ட, ஸ்பிட்பயர்களும் டெம்பஸ்ட்களும் பறந்தன. இந்த முறை விமானி நம்மவர். உத்தரவு போட்டதும் நம்மவர். 1948-ல் வாம்பயர் என்ற ஜெட் விமானம் வந்தது. பிறகு ஹண்டர். 1971 டிசம்பரில் ராஜஸ்தானத்து லோங்கேவாலாவில், பாகிஸ்தான் டாங்கிப் படையை மணலில் முடக்கியவை ஹண்டர் விமானங்கள்தான்.

ஆனால் நம் மக்கள் மனதில் நின்றது "நாட்". மிகச் சின்ன விமானம்! இறக்கையின் ஒரு முனையில் இருந்து மறு முனை வரை 22 அடிதான். நம் பக்கத்து லாரியைப் பக்கத்தில் நிறுத்தினால் லாரிதான் நீளம். விமானங்கள் வர வர எடையும் விலையும் ஏறிக்கொண்டே போகின்றனவே என்று கவலைப்பட்ட டபிள்யூ.இ.டபிள்யூ. பெட்டர் என்ற பிரிட்டிஷ் நிபுணர், எளிதாக, மலிவாக, லேசாக ஒன்றைச் செய்தார். பிரிட்டிஷ் விமானப் படை அதைச் சண்டை விமானமாக ஏற்கவில்லை, பயிற்சிக்குத்தான் எடுத்துக்கொண்டது. இந்தியா எடுத்தது! வாங்கியதோடு நிற்காமல், உரிமம் பெற்றுப் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நாமே செய்தோம்.

1965 யுத்தத்தில் பாகிஸ்தானிடம் இருந்தவை அமெரிக்க சேபர் ஜெட்டுகள். செப்டம்பர் 3-ந் தேதி டிரவர் கீலர் ஒரு சேபரைச் சுட்டார். 19-ந் தேதி அவருடைய அண்ணன் டென்சில் கீலர் இன்னொன்றைச் சுட்டார். "சேபரைக் கொல்லும் நாட்" என்ற பெயர் நாடு முழுவதும் பரவியது. (அதே செப்டம்பர் 3-ந் தேதி ஒரு நாட், பாகிஸ்தான் விமானத் தளத்தில் இறங்கி அவர்களிடம் சிக்கியது. அதை இன்றும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வெற்றிக் கதை சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும் அல்லவா?)

1971 டிசம்பர் 14-ந் தேதி ஸ்ரீநகர் விமான நிலையத்தின் மீது 6 சேபர்கள் குண்டு போட்டுக்கொண்டு இருந்தன. நிர்மல்ஜித் சிங் செகான் என்ற விமானி, குண்டு வெடிக்கும் ஓடுபாதையில் நாட் விமானத்தை ஓட்டி மேலே எழும்பினார். கிட்டத்தட்டத் தனி ஆளாக அவற்றோடு மோதினார். இரண்டு சேபர்களைத் தாக்கினார். கடைசியில் அவர் விமானமும் விழுந்தது. அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. விமானப் படையில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய படைப்பிரிவின் எண் 18.

சூலூருக்குத் திரும்பிய கதை

அந்த 18-ம் எண் படைப்பிரிவு 2020-ல் எங்கே இருந்தது தெரியுமா? நமக்குப் பக்கத்தில்! சேலத்தில் இருந்து கோவை போகும் வழியில், கோவைக்குச் சற்று முன்னால் இருக்கும் அதே சூலூரில். 2020 மே மாதம் 27-ந் தேதி அங்கே இந்தப் பிரிவுக்குத் தேஜாஸ் விமானம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2018-ல், 45-ம் எண் பிரிவும் தேஜாசுடன் சூலூருக்கு வந்திருந்தது.

தேஜாஸ் நாட்டைப் போலவே உருவத்தில் சிறியது. பெங்களூரில் செய்வது. வடிவம் நம்முடையது. என்ஜின் அமெரிக்காவில் இருந்து வருகிறது. தமிழ்நாட்டில் ராணுவத் தளவாடத் தொழில் வளர, சென்னை, திருச்சி, கோவை, ஓசூர், சேலம் என்று 5 ஊர்களை மத்திய அரசு குறித்திருக்கிறது. சேலத்துப் பட்டறைகளுக்கு இதில் எவ்வளவு வேலை வரும் என்பது போகப் போகத் தெரியும்.

விமானம் எவ்வளவு மாறினாலும் உள்ளே உட்காருபவர் மனிதர்தான். 2025 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் வித்தை காட்டிய ஒரு தேஜாஸ் தரையில் மோதியது. விமானி உயிர் இழந்தார். அதற்கு முந்திய ஆண்டு, 2024 மார்ச் 12-ந் தேதி, ராஜஸ்தானத்து ஜெய்சல்மேர் பக்கம் இன்னொரு தேஜாஸ் விழுந்தது. விமானி ஒரு பிடியை இழுத்தார். இருக்கையோடு சேர்த்து அவரை விமானம் வெளியே வீசியது. பாரசூட் விரிந்தது. உயிர் பிழைத்தார்.

அந்த இருக்கை மார்ட்டின் பேக்கர் என்ற கம்பெனியின் சரக்கு. பிரிட்டிஷ் கம்பெனி. விலை கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறோம்.